நகையில் வெள்ளைப் பொட்டு, காசில் கறுப்பு முகம்: வீட்டு விளக்கமைப்பின் கோளாறுகளும் தீர்வுகளும்

மூக்குத்தி, மோதிரம், ஜிமிக்கி, வெள்ளிக்காசு போன்றவற்றை நெருங்கிப் படம் எடுக்கும்போது வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் கேமரா காரணம் இல்லை. மெருகேற்றிய உலோகம் ஒரு கண்ணாடி. எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். எதிரே மொட்டை பல்பு இருந்தால் வெள்ளைப் பொட்டு. இருட்டறை இருந்தால் கறுப்பு. உங்கள் சிவப்புச் சட்டை இருந்தால் சிவப்பு. ஆகவே பல்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் வீண். அந்த நகையின் இடத்திலிருந்து பார்த்தால் என்னென்ன தெரியும் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

கீழே சொல்லும் தீர்வுகள் எல்லாம் இந்த அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு ஏ3 டிரேசிங் பேப்பரை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஒரு பாதியை உருளையாகச் சுருட்டி நிறுத்துங்கள். சுமார் 13 செ.மீ. விட்டம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு கூண்டு கிடைக்கும். மற்றப் பாதி மேல்மூடி. அதில் லென்ஸ் நுழையுமளவு ஓட்டை. கூண்டுக்கு வெளியே இரு பக்கமும் ஒரே நிறுவனத்தின், ஒரே வகை 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு, தாளிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளி. கூடவே கறுப்பு சார்ட் பேப்பர், ஒரு துண்டு தெர்மாகோல், கத்தரிக்கோல். ஹாலஜன் விளக்கையோ பழைய குண்டு பல்பையோ தாளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தாள் கருகும், தீயும் பிடிக்கும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பென்சில் சோதனை. லென்ஸ் இருக்கும் அதே இடத்தில் ஒரு கண்ணை வைத்து, அல்லது திரையைப் பார்த்தபடி, ஒரு பென்சில் முனையைப் பொருளைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். பிடிக்காத பொட்டையோ கோட்டையோ பென்சிலின் பிம்பம் எப்போது மறைக்கிறதோ, அப்போது பென்சில் இருக்கும் திசையில்தான் குற்றவாளி இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஊகத்தில் விளக்கை நகர்த்தினால் அரை நாள் போகும்.

உலோகத்தில் எரிந்துபோன வெள்ளைப் பொட்டு

பல்பின் பிம்பம் அது. டிரேசிங் பேப்பர் போட்ட பிறகும் வருகிறதென்றால், பல்பு தாளை ஒட்டி இருக்கிறது. தாளின் நடுவில் மட்டும் ஒரு பிரகாசமான வட்டம் விழுகிறது, நகை அந்த வட்டத்தைக் காட்டுகிறது. பல்பைப் பின்னால் இழுங்கள். 5 செ.மீ. தூரத்தில் கைப்பிடி அளவு வட்டமாக விழுந்த ஒளி, 25 செ.மீ. போனதும் தாள் முழுக்கப் பரவிவிடும். அதற்கும் அடங்கவில்லையென்றால் பல்புக்கும் கூண்டுக்கும் நடுவில் இரண்டாவது டிரேசிங் பேப்பர் ஒன்றை, முதல் தாளிலிருந்து 8, 10 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இரண்டு தாளையும் ஒட்டி வைத்தால் ஒளி குறையுமே தவிர அவ்வளவாகப் பரவாது. இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

பொட்டு இல்லை, ஆனால் தங்கத்தின் ஒரு பகுதி விவரமே இல்லாத மஞ்சள் திட்டாகத் தெரிகிறது என்றால் அது வேறு கோளாறு. தங்கம் சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்புவதால் சிவப்பு அலைவரிசை முதலில் நிரம்பி வழியும். பொது ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது சுவரில் முட்டாமல் நிற்கும் வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பொதுவாக ஒரு ஸ்டாப்பில் (ஒளியைப் பாதியாக்கும் அளவு) மூன்றில் இரண்டு பங்கு போதும்.

நடுவில் கறுப்பு ஓட்டை, அல்லது உங்கள் முகமே தெரிகிறது

குண்டுமணி, ஜிமிக்கியின் குடை, மோதிரத்தின் வெளிவளைவு ஆகியவற்றில் லென்ஸ் தெரிந்தே தீரும். உருண்டையான பரப்பு அறை முழுவதையும் பார்க்கிறது. அதனிடமிருந்து கேமராவை ஒளிக்க முடியாது. சிறிதாக்கத்தான் முடியும். ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸின் முன்கண்ணாடி அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, லென்ஸைச் சுற்றிக் கழுத்துப்பட்டைபோல மாட்டுங்கள். கேமரா, கை, முகம் எல்லாம் மறைந்து ஒரு சிறு புள்ளி மட்டும் மிஞ்சும். போனுக்கு 8 முதல் 10 மி.மீ. ஓட்டை போதும்.

அடுத்து, பின்னால் போங்கள். போனின் மேக்ரோ பயன்முறை பலவற்றில் அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தி, பொருளிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கச் சொல்லும். அந்தத் தூரத்தில் போனே கூரையாகி ஒளியை மறைத்துவிடும். பொருளில் பாதி போனின் கறுப்புப் பிம்பமாகத்தான் இருக்கும். மேக்ரோவை அணைத்துவிட்டு, 2 அல்லது 3 மடங்கு ஜூமில் 15 செ.மீ. தள்ளியிருந்து எடுத்துத் தேவையான அளவு வெட்டிக்கொள்வது மேல். எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு 50 மி.மீ. மேக்ரோவைவிட 100 மி.மீ. மேக்ரோ இதே காரணத்துக்காக நல்லது.

மிஞ்சிய புள்ளியை மென்பொருளில் அழிப்பதில் தவறில்லை. விற்பனைக்கு எடுக்கும் படத்தில் கீறலை அழித்தால்தான் தவறு.

பொட்டும் இல்லை, ஓட்டையும் இல்லை, ஆனால் நகை செத்துக் கிடக்கிறது

முதல் இரண்டு கோளாறுகளையும் தீர்த்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இது. எல்லாப் பக்கமும் வெள்ளைத் தாளால் மூடியாயிற்று. நகை பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை. ஆகவே நகையும் ஒரே வெள்ளை. தங்கம் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி, வெள்ளி சாம்பல் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி இருக்கும். கடையில் வாங்கும் மடக்குப் பெட்டிகளில் உள்சுவர் முழுக்க எல்.இ.டி. பட்டையும் வெள்ளைத் துணியுமாக இருப்பதால், அவற்றிலும் இதே கதைதான்.

பளபளப்பு என்று கண் உணர்வது வெளிச்சத்தை அல்ல. வெளிச்சமும் இருட்டும் அருகருகே இருப்பதை. எனவே கூண்டுக்குள் இருட்டைக் கொண்டுவர வேண்டும். கறுப்பு சார்ட் பேப்பரை 1 செ.மீ. அகலத்தில், கூண்டின் உயரத்துக்கு வெட்டி, நகையின் இடமும் வலமும் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். மோதிரத்தின் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து, வளைவு சட்டென்று எழும்பி நிற்கும். கோடு தடித்துவிட்டால் பட்டையைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 மி.மீ. ஆக ஒடுக்குங்கள். வெள்ளிக்கும் பிளாட்டினத்துக்கும் கறுப்பு பொருந்தும். தங்கத்துக்குக் கறுப்பு கொஞ்சம் முரடாக இருக்கும். அடர்பழுப்பு சார்ட் பேப்பர் பாந்தமாக உட்காரும். வெள்ளைப் பின்னணியில் ஓரம் கரைந்துபோகும் வெள்ளி மெட்டிக்கும் இதே மருந்துதான்.

பட்டை வைத்தும் திருப்தி வரவில்லையென்றால் ஒரு பல்பை அணைத்துவிடுங்கள். எரியும் பல்பையும் கூண்டின் நேர்ப்பக்கவாட்டிலிருந்து நகர்த்தி, பின்மூலையில் வையுங்கள். தாளின் ஒரு மூலை பிரகாசமாகவும் அங்கிருந்து மறுமூலை வரை படிப்படியாக மங்கியும் இருக்கும். அந்த ஏற்றஇறக்கம் அப்படியே உலோகத்தில் ஏறும். அணைத்த பல்பின் பக்கம் தெர்மாகோல் துண்டை வைத்தால் நிழல் பாதி நிரம்பும். இரண்டு விளக்கைவிட ஒரு விளக்கும் ஒரு தெர்மாகோலும் பலமுறை நல்ல படம் தரும் என்பதைச் செய்து பார்க்காமல் நம்புவது கடினம்.

கோடு, சுருக்கம், வலைப்பின்னல் தெரிகிறது

டேப் ஒட்டிய இணைப்பு, தாளின் மடிப்பு, துணியின் நெசவு, தெர்மாகோலின் மணிமணியான பரப்பு எல்லாம் உருண்டையான நகையில் கூர்மையாகத் தெரியும். இவ்வளவு தள்ளியிருக்கும் தாள் எப்படி ஃபோகஸில் வருகிறது என்று கேட்கலாம். குவிந்த கண்ணாடி தன் சூழலின் பிம்பத்தைப் பரப்புக்குச் சற்று உள்ளேயே அமைக்கிறது, 3 மி.மீ. ஆரமுள்ள மணியில் ஏறக்குறைய 1.5 மி.மீ. ஆழத்தில். ஃபோகஸ் எட்டும் தூரத்துக்குப் பக்கத்திலேயே அது கிடக்கிறது. தட்டையான பரப்பில் அப்படியில்லை: தாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ பிம்பமும் அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் மங்கிவிடும்.

ஆகவே காசுக்குச் சுருங்கிய தாள் பரவாயில்லை, குண்டுமணிக்கு ஆகாது. மடித்துக் கொடுக்கும் தாளை வாங்காமல் சுருளாகக் கிடைப்பதை வாங்குங்கள். இணைப்பு விளிம்பு கேமராவுக்கு எதிர்ப்புறம், நகைக்குப் பின்னால் இருக்கட்டும். வளைந்த பரப்பில் பின்பக்கக் காட்சி ஓரத்தில் ஒடுங்கிப் போவதால் இணைப்பும் கண்ணில் படாது. வேட்டித் துணி வேண்டாம்.

தங்கம் எலுமிச்சையாக, செம்பாக, பச்சையாக

ஜன்னல் வெளிச்சமும் எல்.இ.டி.யும் கலந்திருந்தால் மோதிரத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா செய்யும் நிறத்திருத்தம்) இதைத் தீர்க்காது. ஜன்னல் திரையை மூடுங்கள், அல்லது பல்பை அணையுங்கள். இரண்டு நிறுவனப் பல்புகளில் 6500 கெல்வின் என்று ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் ஒன்று பச்சை சாய்ந்தும் மற்றொன்று ஊதா சாய்ந்தும் இருக்கலாம். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு எடுங்கள் என்பது அதற்காகத்தான்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தங்கத்தோடு ஒத்துப்போகாது. சட்டம் முழுக்க மஞ்சளாக இருந்தால் விளக்குதான் மஞ்சள் என்று எண்ணி அது நீலத்தைச் சேர்த்துவிடும். 22 காரட் வெளுத்துப்போன எலுமிச்சை நிறமாகும். கைமுறையாக அமைப்பதற்கு கிரே கார்டு (நிறச்சாய்வு இல்லாத சாம்பல் அட்டை) நல்லது. இல்லாவிட்டால் குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஏழெட்டு அடுக்காக அட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். அதன் வெண்மையில் நிறச்சாய்வு மிகக் குறைவு. ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீலம் காட்டும், அதை நம்ப வேண்டாம். கார்டைக் கூண்டுக்குள், நகை இருக்கும் இடத்திலேயே வைத்து அளக்க வேண்டும். டிரேசிங் பேப்பர் தானும் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கும், பழசாக ஆக இன்னும் கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் நிறம் உயிரில்லாமல் இருந்தால் பல்பின் சி.ஆர்.ஐ. எண்ணை (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) பாருங்கள். சாதாரண வீட்டு பல்பு 80 அளவில் இருக்கும். 90க்கு மேல் வேண்டும். 80 பல்புகளில் அடர்சிவப்பு மிகக் குறைவு. செம்பு கலந்த தங்கமும் கெம்புக்கல்லும்தான் முதலில் அடிபடும். விட்டுப்போன சிவப்பை மென்பொருளில் ஏற்றினால் பின்னணியும் சேர்ந்து சிவக்கும்.

உலோகம் அழகு, கல் மட்டும் இருண்டுவிட்டது

வைரத்துக்கும் வெள்ளைக்கல்லுக்கும் உலோகத்துக்கு நேரெதிரான ஒளி வேண்டும். மிருதுவான ஒளியில் பட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல். சிறிய, கூர்மையான ஒளிப்புள்ளி இருந்தால்தான் பட்டைகளில் சில எரியும், சில அணையும். கூண்டின் மேல்மூடியில் பென்சில் தடிமன் ஓட்டை போட்டு அதன் வழியாகப் போனின் டார்ச்சை அடியுங்கள். திரையைப் பார்த்தபடி சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் கல் விழித்துக்கொள்ளும். டார்ச்சின் நிறம் வேறாக இருப்பது வைரத்தில் உறுத்தாது.

டார்ச் பட்டு உலோகத்தில் மறுபடி பொட்டு விழுந்தால், கேமராவை அசைக்காமல் டார்ச் உள்ள படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று எடுத்து, கல்லை மட்டும் முதல் படத்திலிருந்து வெட்டி ஒட்டுவதே வழி. நகைப்படங்களில் வெகுகாலமாக நடக்கும் வேலைதான் இது. கெம்பும் பச்சையும் வேறு: அவை இருண்டிருந்தால் கல்லுக்குப் பின்னால், கேமரா கண்ணில் படாத இடத்தில், மிட்டாய்த் தாளின் வெள்ளிப்பக்கத்தைச் சிறு துண்டாக வைத்துப் பாருங்கள். பின்பக்கம் மூடிப் பதித்த கல்லில் இது பலிக்காது.

லென்ஸில் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) மாட்டினால் கல்லின் மேற்பரப்புப் பளிச்சிடல் குறையும். உலோகத்தின் பளிச்சிடல் குறையாது. விளக்கிலும் போலரைசர் தாள் போட்டால் உலோகமும் அடங்கும். ஆனால் ஒரேயடியாகக் கறுத்துவிடும். பணம் செலவழிக்கும் முன் இதை அறிந்துகொள்வது நல்லது.

படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் பட்டை மறையும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை அதிகம், மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். மங்கலாக்கும் குமிழ் உள்ள விளக்கில் மினுக்கல் வேறு வேகத்தில் இருப்பதால் இந்தக் கணக்கு உதவாது. குமிழை முழுப் பிரகாசத்தில் வைத்துவிட்டு, விளக்கைத் தள்ளி வைத்து ஒளியைக் குறையுங்கள். விளக்கின் முன் ஒரு பேனாவை வேகமாக ஆட்டினால் பல பேனாக்களாகத் தெரிகிறதா? மினுக்குகிறது.

கூர்மை இல்லை

முன்பகுதி கூர்மை, பின்பகுதி மங்கல் என்றால் ஆழம் போதவில்லை. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் (சென்சார் சற்றுச் சிறியது) லென்ஸ் துளையை எஃப் 8 வைத்து, பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி எடுத்தால் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 0.6 மி.மீ.; பாதி அளவில் விழும்படி எடுத்தால் 1.9 மி.மீ. 18 மி.மீ. விட்டமுள்ள மோதிரம் ஒரே படத்தில் அடங்கவே அடங்காது. எஃப் 22க்கு மூடினால் அடங்கும் என்று தோன்றும். ஆனால் நிஜ அளவில் எடுக்கும்போது எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகி 44 ஆகும், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்க மென்மையாகிவிடும். பாதி அளவில், எஃப் 8ல், ஃபோகஸை 1.2 மி.மீ. வீதம் நகர்த்தி 15 படம் எடுத்து, என்ஃப்யூஸ் என்ற இலவச மென்பொருளிலோ ஹெலிகான் ஃபோகஸிலோ அடுக்கிச் சேர்ப்பதே சரியான வழி. அடுக்கும் வரை விளக்கு, தாள், உங்கள் கை எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் பிம்பம் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி இரட்டைக் கோடாக வரும்.

எல்லாமே மங்கல் என்றால் ஆட்டம். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், இரண்டு நொடி டைமர் வையுங்கள். ஜிமிக்கியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டிருந்தால் அது அடங்க அரை நிமிடம் காத்திருங்கள்.

காசில் எழுத்து தெரியவில்லை, முகம் கறுப்பு

நேர் மேலிருந்து எடுக்கும் பளபளப்பான புதுக் காசு, மேலே இருக்கும் லென்ஸையே பார்க்கிறது. பக்கவாட்டு ஒளி முழுவதும் மறுபக்கம் தெறித்துப் போய்விடும். ஒளி லென்ஸின் திசையிலிருந்தே வர வேண்டும். லென்ஸோ குறுக்கே நிற்கிறது. இதற்குத்தான் 45 டிகிரிக் கண்ணாடி. புகைப்படச் சட்டத்திலிருந்து கழற்றிய மெல்லிய கண்ணாடியை, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். மேல் விளிம்பு விளக்கின் பக்கம், கீழ் விளிம்பு எதிர்ப்பக்கம். பக்கவாட்டில் வரும் ஒளி கண்ணாடியின் அடிப்பரப்பில் பட்டு நேர் கீழே திரும்பும், காசில் பட்டு மேலே வந்து கண்ணாடியைத் துளைத்து லென்ஸுக்குள் போகும். கேமராவை மேசை மட்டத்துக்கு இணையாக வையுங்கள். இரண்டு டிகிரி சாய்ந்தாலும் காசின் பாதி இருளும்.

படம் முழுக்க வெளுத்த திரை விழுந்தால் கண்ணாடியைத் தலைகீழாகச் சாய்த்திருக்கிறீர்கள். விளக்கு நேரே லென்ஸுக்குள் ஏறுகிறது. சரியாகச் சாய்த்தும் லேசான வெளுப்பு இருந்தால், விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் தாள் நிறுத்துங்கள். கண்ணாடியைத் துளைத்துச் சென்ற ஒளி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதே கண்ணாடியில் லென்ஸை நோக்கித் தெறிப்பதால் வரும் வெளுப்பு அது. விளக்குக்கும் காசுக்கும் நடுவிலும் ஒரு சிறு கறுப்பு அட்டை வேண்டும், ஒளி நேராகக் காசில் படாமலிருக்க.

படம் இருட்டாக இருப்பது கோளாறு இல்லை. வந்த ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் கண்ணாடி கீழே திருப்புகிறது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றாமல் ஷட்டரை நீட்டுங்கள்.

தேய்ந்து கறுத்த பழங்காசுக்கு, ராஜராஜன் செப்புக்காசு மாதிரியானவற்றுக்கு, இந்தக் கண்ணாடி வேலை வேண்டாம். அங்கே பளபளப்பே இல்லை; மேடுபள்ளம்தான் இருக்கிறது. தாளும் கூண்டும் இல்லாமல் ஒரே ஒரு சிறு விளக்கை மேசை மட்டத்திலிருந்து 10, 15 டிகிரி உயரத்தில் வைத்துச் சாய்வாக அடித்தால் எழுத்து எழும்பும். காசைத் துலக்கிப் பார்க்கலாமா என்று கை போகும். போக விடாதீர்கள், மேற்பூச்சோடு மதிப்பும் போய்விடும்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக, எங்கும் தூசி

கேமரா வெள்ளையை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது +1.3 வையுங்கள், நகை வெளுக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, பின்னணிக்கு மட்டும் மூன்றாவது பல்பு கொடுங்கள். 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டின் மேல் நகையை வைத்து அடியிலிருந்து ஒளி கொடுத்தால் நிழலும் போய்விடும். ஒளி அதிகமானால் நகையின் ஓரம் தின்னப்படும்.

தூசிக்கு ஊதும் ரப்பர் பம்பும் மெல்லிய பெயின்ட் பிரஷும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் புள்ளி விழும். கைரேகை பட்டால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதன்பிறகு இடுக்கியால் மட்டும் தொடுங்கள். வெள்ளி நகையை ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்துவதும், ரப்பர் கையுறையோடு கையாள்வதும் வேண்டாம். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். மோதிரத்தை நிறுத்த, அடியில் கடுகளவு மெழுகு போதும்.